வெள்ளிக்கிழமைப் பயம்

1

சைகோனில் எங்கள் தெருவில் பாண்டிச்சேரிக்காரர்கள் ஆறு குடும்பம் இருக்கிறோம். ஊருக்கு எழுதும்போது ஆறு குடும்பமும் சௌக்கியம் என்றே எழுதுவோம். நானும் பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான் எழுதி வந்தேன். இது கடிதம் இல்லை, சௌக்கியம் இல்லாத ஒரு சங்கதியை இதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் மூத்த மகள் அஞ்சலைக்கு எட்டு வயது. இங்கே பிரெஞ்சுப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். அஞ்சலை என்ற பெயர் டீச்சரம்மாவின் வாயில் நுழையவில்லை என்பதால் முதல் நாளே பதிவேட்டில் ஆஞ்செல் என்று எழுதிவிட்டார்கள். வீட்டில் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்று எனக்கு இரண்டு பெண்கள்.

வீட்டில் இருக்கிற அஞ்சலை கெட்டிக்காரி. எதிர்வீட்டில் இருக்கும் இந்த ஊர் அன்னாமியக் குழந்தைகளோடு அவர்கள் பாஷையில் சண்டை போடுவாள். சந்தையில் என் மனைவி தனத்துக்கு அவள்தான் துபாஷ். ஒரு கதையை ஒருமுறை கேட்டால் போதும், ஒரு மாதம் கழித்து ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். ஆனால் அந்தக் கதையே புத்தகத்தில் இருந்தால் அவளுக்கு அது சுவர். ஒரு வரியைக் காலையில் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், மாலையில் அதே வரியை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

இங்கே பள்ளிக்கூடத்துக்கு வியாழனும் ஞாயிறும் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலையில் திக்தே. டீச்சரம்மா ஒரு பாராவை மெதுவாக வாசிப்பார், பிள்ளைகள் பிழையில்லாமல் எழுத வேண்டும். பிழைகளை எண்ணி, எண்ணிக்கையை எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார்கள். அஞ்சலையின் எண்ணிக்கை எப்போதும் கடைசியில் வரும். அந்த எண்ணுக்காக வகுப்பே காத்துக்கொண்டிருக்கும் என்று அவள் ஒரு தடவை சொன்னாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வரை அவள் குழந்தை. மூன்று மணிக்கு மேல் சத்தம் குறையும். நகத்தைக் கடிக்க ஆரம்பிப்பாள். வெள்ளிக்கிழமை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். ரொட்டியை வாயில் வைத்தால் குமட்டும். முதலில் பூச்சி மருந்து கொடுத்தோம். பிறகு விளக்கெண்ணெய். இரண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் குணம் தெரிந்தது, வெள்ளிக்கிழமைகளில் தெரியவில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட வாசலில் அவள் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை, கத்தவில்லை. பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். மணி அடித்துவிட்டது. நான் வேலை பார்க்கும் தபாலாபீசில் எட்டு மணிக்குள் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மற்ற தகப்பன்மார்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் குனிந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். சுண்டுவிரலில் நகம் இருக்க வேண்டிய இடத்தில் இரத்தம் கசிந்திருந்தது. பிரித்து முடித்ததும் அவள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ஆபீசில் கடிதம் பிரிக்கிற மேஜைக்கு முன்னால் நின்றபோது வேறொரு கை நினைவுக்கு வந்தது. இப்படி இன்னொருவன் விரல்களை நான் முன்பும் பிரித்திருக்கிறேன். அது எங்கள் ஊர் பாகூரில். அவன் என் தம்பி கோதண்டம்.

2

எங்களுக்கு ஏரிப்பாசன நிலம். நெல்தான், கொஞ்சம் கரும்பும் போடுவோம். எங்கள் நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்து ஊரிலிருந்து சைகோன் போன ஒருவர் லீவில் வந்து, தொப்பி போட்டுக்கொண்டு தேர்த்திருவிழாவில் நடந்ததை அவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே எண்ணம். இரண்டு பிள்ளைகளும் பிரெஞ்சு செர்த்திபிகா பரீட்சை தேற வேண்டும், இரண்டு பேரும் கப்பல் ஏற வேண்டும்.

கோதண்டம் என்னைவிட இரண்டு வயது இளையவன். ஏரியில் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று கரையில் நின்று பார்த்தே சொல்வான். தெருவில் உள்ள மாடு அத்தனையையும் குரலைக் கேட்டே அடையாளம் சொல்வான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு எழுத்து ஒன்றும் நிற்காது. ளகரமும் ழகரமும் அவனுக்கு ஒன்று. புள்ளி வைக்க மறந்துபோவான், வைத்தால் எல்லா எழுத்துக்கும் வைப்பான். பிரெஞ்சு எழுத்து வந்ததும் இன்னும் மோசம். எழுதுகிற எழுத்தில் பாதியைச் சொல்லக் கூடாது என்பது அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"நேத்து தெரிஞ்சிதுண்ணா," என்பான். "சாமி சத்தியமா தெரிஞ்சிது. இன்னிக்குப் பாத்தா இல்ல."

நான் அதை நம்பவில்லை. யாரும் நம்பவில்லை. நேற்றுத் தெரிந்தது இன்று எப்படித் தெரியாமல் போகும்?

எங்கள் வாத்தியார் கெட்டவர் இல்லை. ஒற்றை ஆளாக நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தேர்ச்சிக் கணக்குக் காட்டச் சொல்லி டவுனிலிருந்து வரும் காகிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டு இருந்தவர். என்னை அவர் சட்டாம்பிள்ளை ஆக்கினார். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் கேட்பதும், தப்புச் சொன்னால் காதைத் திருகுவதும் என் வேலை. சின்னப் பிள்ளைகளில் என் தம்பியும் ஒருவன்.

முதலில் பேருக்குத்தான் திருகினேன். வாத்தியார் பார்த்துவிட்டார்.

"இன்னாடா, தம்பின்னு பாக்குறியா? நீ உட்டுக்குடுத்தா அவன் எப்பிடிடா மேல வருவான்?"

அதற்குப் பிறகு நன்றாகவே திருகினேன். பள்ளிக்கூடம் விட்டு ஏரிக்கரை வழியாக நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போவோம். காது சிவந்துபோய் அவன் என் பக்கத்தில் நடந்து வருவான். என்மேல் கோபம் என்று அவன் காட்டியதே இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஆறு மாதத்தில் அவன் காலைக் கூழை வாந்தி எடுக்க ஆரம்பித்தான். பத்து வயதுப் பிள்ளை பாயை நனைத்தான். திங்கட்கிழமைகளில் உடம்பு அனலாகச் சுடும், பள்ளிக்கூட நேரம் தாண்டிவிட்டால் தணிந்துவிடும். எங்கள் அம்மா சொன்னாள்:

"புள்ள எதையோ பாத்து பயந்துக்கிச்சி."

சொல் சரியான சொல்தான். எதைப் பார்த்து என்பதில் பிசகு. பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலை அடித்து, இடுப்பில் கயிறு கட்டினாள். கயிறு கட்டின மறுநாள் காலையில் நான்தான் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

3

கதவைப் பிடித்துக்கொண்ட நாளுக்குப் பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆஞ்செலின் தகப்பனார் தலைமை டீச்சரைப் பார்க்க வேண்டும். நான் ஆபீசில் அரை நாள் அனுமதிக்கு மனு எழுதி, அதில் மேலதிகாரி கையெழுத்து வாங்கி, வெளுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

தலைமை டீச்சர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். சிவப்பு மைத் திருத்தங்களுக்கு நடுவில் அவள் எழுதினது தெரியவே இல்லை.

"புத்தி இருக்கிறது. பேசும்போது எல்லாம் தெரிகிறது. ஆகவே இது சோம்பேறித்தனம்," என்றார்.

நான் வழியெல்லாம் தயார்செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். என் மகள் பயப்படுகிறாள் என்று சொல்ல வேண்டியது. பிரெஞ்சில் பயப்படுவதும் பயமுறுத்துவதும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வாய் தவறி, என் மகள் பயமுறுத்துகிறாள் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சிரித்தார்.

"அவ்வளவு மோசம் இல்லை, முசே."

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். திருத்திச் சொல்ல எனக்கு வாக்கியம் இல்லை.

கொஞ்ச நாளைக்கு அவளை நிறுத்திவைக்கலாமா என்று கேட்டேன். ஒரு அச்சடித்த தாளை நீட்டினார். பள்ளியிலிருந்து விலகக் காரணம்: தொற்றுநோய், ஊர் மாற்றம், மரணம். மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். வேறு காரணம் எழுத அதில் இடம் கிடையாது. அதோடு இன்னொன்றையும் சொன்னார். இந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்க என் மேலதிகாரிதான் சிபாரிசு செய்திருந்தார். சிபாரிசில் வந்த பிள்ளை காரணமில்லாமல் நின்றால் அவருக்கு அறிவிக்க வேண்டும், அடுத்த வருஷம் பையன்கள் பள்ளிக்கூடத்தில் என் மகனுக்குக் கேட்டிருக்கும் இடத்தையும் யோசிக்க வேண்டி வரும்.

வீட்டுக்கு வந்து தனத்திடம் சொன்னேன். அவள் வில்லியனூர்க்காரி. அவளுக்கும் எழுத்து தெரியாது.

"நிறுத்தறதா? நான்தான் கைநாட்டு. மார்க்கெட்ல அவ இல்லன்னா நான் ஊமச்சி. எம் பொண்ணும் அப்பிடியே நிக்கணுமா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "போவப் போவ சரியாப் பூடும்ங்க," என்றாள்.

நாங்கள் பேசியது அஞ்சலைக்குக் கேட்டிருக்க வேண்டும். பக்கத்து அறையில் பாயில் உட்கார்ந்து, தம்பிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

4

அந்த வருஷம் பாகூருக்கு டவுனிலிருந்து இன்ஸ்பெக்டர் துரை வருவதாகக் காகிதம் வந்தது. வாத்தியார் ஒரு வாரம் தூங்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உன் தம்பிய இன்னா பண்றது? வூட்டுலயே நிறுத்திக்கினா கணக்குல ஒரு ஆளு குறையும். இட்டாந்தா மானம் போவும்."

யோசனை என்னுடையது. காதால் கேட்டது எதுவும் அவனுக்கு மறக்காது. முதல் பாடம் முழுவதையும் நான் வாசிக்க வாசிக்க அவனைக் கேட்கச் சொன்னேன். இரண்டே நாளில் ஒப்பித்துவிட்டான். எந்த வரிக்கு விரலை எங்கே வைப்பது, எங்கே பக்கம் திருப்புவது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அந்த இரண்டு நாளும் அவன் வாந்தி எடுக்கவில்லை.

துரை அரியாங்குப்பம் வழியாகக் குதிரை வண்டியில் வந்து இறங்கினார். நல்ல மனிதராகவே தெரிந்தார். கோதண்டம் எழுந்து, புத்தகத்தைப் பிடித்து, விரலை நகர்த்தி, கடகடவென்று வாசித்தான். அவ்வளவு அழகாக அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் வாசித்ததில்லை. துரைக்குச் சந்தோஷம். அதுதான் வினையாகப் போயிற்று. இவ்வளவு நன்றாக வாசிக்கிற பிள்ளையின் எழுத்தையும் பார்க்கலாமே என்றார். சுண்ணாம்புக் கட்டியை அவன் கையில் கொடுத்து, பலகையில் உன் பெயரை எழுது என்றார்.

கோதண்டம் பலகைக்கு முன்னால் நின்றான். கையைத் தூக்கினான். ஒரு கோடு இழுத்தான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. துரை பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமை மிக நீளமாக இருந்தது. பிறகு அவன் கோவணத்தின் கீழே தொடை வழியாக ஈரம் இறங்கித் தரையில் தேங்கியது.

முதலில் ஒரு பிள்ளை சிரித்தான். அப்புறம் எல்லோரும். சிரிப்பை அடக்குவது சட்டாம்பிள்ளையின் வேலை. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் அடக்கவில்லை. நானும் சிரித்தேன். சத்தம் போட்டு இல்லை. உதட்டில்தான். இவன் என்னோடு சேர்ந்தவன் இல்லை என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றியது. கோதண்டம் திரும்பியபோது அவன் கண் நேரே என் முகத்துக்குத்தான் வந்தது.

அவன் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

மாலைவரை வீட்டுக்கு வரவில்லை. கரும்புக்காட்டில் தேடினோம், கோயிலில் தேடினோம். நைனா கிணறுகளில் எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். ஒவ்வொரு கிணற்றிலும் எட்டிப் பார்ப்பதற்கு முன் அவர் கொஞ்சம் நின்றதை நான் பார்த்தேன். கோடையாதலால் ஏரி வற்றியிருந்தது. பொழுது சாய்வதற்குள் மதகில் இருக்கிறான் என்று ஒரு மாடு மேய்ப்பவர் வந்து சொன்னார். தண்ணீர் போகிற அந்தக் கல்பொந்துக்குள் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தான். பெரியவர்கள் நுழைய முடியாது. நான்தான் தவழ்ந்து போனேன். கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு விரலாகப் பிரித்து வெளியே இழுத்தேன்.

நைனா அடிக்கவில்லை. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அவனுக்கு வெந்நீர் ஊற்றினாள். அன்றோடு அவனை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ராத்திரி சாப்பிடும்போது நைனா, "ஒரு நாளு வுட்டா பயம் ஒட்டிக்கும். நாளைக்கே இட்டுக்கினு போ," என்றார். அவர் கெடுதலாகச் சொல்லவில்லை. மாடு மிரண்டால் அதே வழியில் மறுநாளும் ஓட்டுவார்கள், அது அவருக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் நான் அவன் கையைப் பிடித்தேன். அவன் வந்தான். இன்னும் இரண்டு வருஷம் வந்தான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் வாயே திறக்கவில்லை. நான் செர்த்திபிகா தேறி, டவுனில் எழுத்து வேலை பார்த்து, பதினேழு வயதில் கப்பல் ஏறினேன். அவன் ஏர் பிடித்தான்.

5

கப்பல் ஏறின மூன்றாம் வருஷம் என் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தபோது ஒன்றரை மாதம் அவனோடு ஒரே வீட்டில் இருந்தேன். மாட்டைப் பற்றிப் பேசினான், மழையைப் பற்றிப் பேசினான். கையில் காகிதத்தோடு யாராவது வாசலில் வந்தால் கொல்லைப்புறமாகப் போய்விடுவான். அன்று நான் சிரித்ததை அவனிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தில் எழுதலாம் என்று வைத்துக்கொண்டேன்.

கடிதத்திலும் முடியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. என் கடிதங்களை வாசித்துக் காட்டுவது, பதில் எழுதித் தருவது எல்லாம் எங்கள் வாத்தியார்தான். அவருக்கு வயதாகிவிட்டது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். என் கடிதம் வந்தால் மூக்குக்கண்ணாடியோடு எங்கள் வீட்டுக்கு வருவார். நான் என் தம்பிக்கு எதை எழுதினாலும் அது அவர் வாய் வழியாகத்தான் அவன் காதுக்குப் போகும். ஆகவே பன்னிரண்டு வருஷமாக சௌக்கியம், சௌக்கியம் என்று எழுதினேன்.

தலைமை டீச்சரைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில் எழுதிவிட்டேன். அஞ்சலைக்கு வருகிற பயத்தை எழுதினேன். கதவை எழுதினேன். பிறகு கோதண்டத்தின் காதை எழுதினேன், பலகையை எழுதினேன், நான் சிரித்ததை எழுதினேன். இதை வாத்தியார் ஐயா ஒன்றும் விடாமல் வாசிக்க வேண்டும் என்றும் எழுதினேன். கடைசியில், தம்பி, நான் இவளை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பாண்டிச்சேரிப் பை கட்டுகிற வேலையும் எங்கள் ஆபீசில்தான். என் கையாலேயே அந்தக் கடிதத்தைப் பையில் போட்டுக் கட்டினேன். கட்டின பிறகு அவிழ்க்கலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

கப்பல் போய் வர இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் எல்லா வெள்ளிக்கிழமையும் நான் அஞ்சலையை அழைத்துக்கொண்டு போனேன். அதையும் எழுதியாக வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை பிழை முப்பத்தொன்று. அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டாள். எழுதாத தாளில் பிழையே இல்லையே அப்பா என்றாள். அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை, அதை ஒரு வழியாகக் கண்டுபிடித்திருந்தாள். அதற்காக அவளைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார்கள்.

6

பதில் வந்தது. வாத்தியாரின் எழுத்துதான். எப்போதும் போல் நலம் நலமறிய அவா என்று தொடங்கவில்லை. கோதண்டம் பேசினது பேசினபடியே இருந்தது:

"அண்ணா. நீ சிரிச்சது எனக்கு ஞாபகம் கீது. அத்த வுடு. நானும் ஒரு தபா அடுத்தவன் வுழுந்ததப் பாத்து சிரிச்சிருக்கேன். மதகுல நான் படுத்துக்கினு இன்னா நெனச்சேன் தெரியுமா. இத்தோட வுட்டுருவாங்கன்னு நெனச்சேன். நைனா தோள்ல தூக்குனப்போ வுட்டுட்டாங்கன்னே நெனச்சேன். மறுநா காலைல நீ வந்து கையப் புடிச்ச. அன்னிக்கு எவனாவது ஒர்த்தன், இன்னிக்கு வாணாம்டான்னு சொல்லியிருந்தா, அடுத்த நாளு நானே எழுந்து போயிருப்பேனோ இன்னமோ. யாரும் சொல்லல. உம் பொண்ண நான் பாத்ததில்ல. அவ சோம்பேறி இல்ல. நானும் இல்ல. இத்த அவகிட்ட சொல்லு."

அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, வாத்தியார் தன் பங்குக்கு ஒரே வரி எழுதியிருந்தார்.

"மேற்கண்டது உன் தம்பி சொன்னபடி. நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை."

வேறொன்றும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

அதை நான் தனத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பையனுக்கு வேற பள்ளிக்கூடம் பாத்துக்கலாம்," என்றாள்.

போன வெள்ளிக்கிழமை காலையில் அஞ்சலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால்களில் பள்ளிக்கூடச் சப்பாத்து மாட்டியிருந்தது. நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு வாணாம் அஞ்சலை," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கிறேனா என்று பார்த்தாள் போலிருக்கிறது. நான் குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினேன். உனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார், அவருக்கும் எழுத்து நிற்காது, அவர் சோம்பேறி இல்லை, நீயும் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் என்றேன். அவள் ரொட்டியை எடுத்துத் தின்றாள். தின்று முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. மேலதிகாரிக்கு இதை எழுதும் இந்நேரம் தகவல் போயிருக்கும். அந்த அச்சடித்த தாள் இன்னும் என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது, மூன்றில் எதையும் நான் குறிக்கவில்லை. நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது அவள் பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, அடுத்த வெள்ளிக்கிழமை?"

எனக்குத் தெரியவில்லை என்று அவளிடம் சொன்னேன். அன்று காலையில் அவளைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்றும் சொன்னேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.